சருமத்துக்கும் மிதம் வேண்டும்

தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தளிக்கு, அவ்வூரின் குளிர்ச்சியைக் கண்டு மகிழ்ந்த ஆங்கிலேயர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் சூட்டினார்கள். ஏறத்தாழ 3,000 அடி உயர மேட்டு நிலத்தில் இருப்பதால், சேலத்திலும் வேலூரிலும் வியர்வை வழிகின்ற மாதங்களில்கூட இங்கே இதமான காற்று வீசுகிறது. மார்கழியும் தையும் வந்துவிட்டாலோ அந்த இதமே வறட்சியாக மாறி, உதடு வெடிப்பதும், குதிகால் பிளப்பதும், குழந்தைகளின் கன்னங்களில் வெள்ளை பூப்பதும் வீட்டுக்கு வீடு காணும் காட்சியாகிவிடுகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பிரதேசத்தில், பனிக்காலத்து வறட்சிக்குப் பெரியவர்கள் செய்துவந்த பரிகாரம் சொற்பமானது: எண்ணெய் கொஞ்சம், வெந்நீர் அளவாக, வெயிலில் போனால் தலைக்கு ஒரு துண்டு. இன்று அதே வறட்சிக்கு விற்கப்படும் பரிகாரங்களை அடுக்கி வைக்க ஓர் அலமாரி போதாது.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு, டி.வி.எஸ். மோட்டாரும் அசோக் லேலண்டும் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்து, அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்து, அண்மையில் மின்னணுத் தொழிற்சாலைகளும் சேர்ந்துகொள்ள, கேழ்வரகும் அவரையும் விளைந்த இந்த மண்ணின் வாழ்க்கை வெகுவாக மாறிப்போயிற்று. தளியைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் விளைகின்றன. தாயும் பாட்டியும் கையில் ரொக்கம் என்று ஒன்றைத் தனியே கண்டறியாத குடும்பங்களிலிருந்து, கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகும் பெண்கள் இன்று மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தம் முகத்துக்கென்று செலவிடுவதற்கு அவர்களுக்குள்ள உரிமையை யாரும் மறுக்க முடியாது. சௌந்தர்யத்தை விரும்புவது பாபமன்று. சம்பாதிக்கும் பெண் ஒரு குப்பி வாங்கினால் அதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், சம்பாதிக்கும் ஆண் வாங்குகிற எதையும் கண்டு சுளிப்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே என் கேள்வி அவர்களுடைய ஆசையைப் பற்றியதன்று. அந்த ஆசையை நம்பி விற்கப்படும் வஸ்துக்களால் சருமத்துக்கு வாஸ்தவத்தில் என்ன பிரயோஜனம் என்பதைப் பற்றியது. காலையில் ஆறு பூச்சும் இரவில் எட்டுப் பூச்சும் என்று கொரியாவிலிருந்து கைப்பேசி வழியாக வந்து சேர்ந்திருக்கும் அனுஷ்டானங்கள் பெரும்பாலானவர்களுக்கு அனாவசியம், சிலருக்கு அபாயம். சருமத்துக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த உபகாரம், அதன் வேலையை அது செய்வதற்கு இடையூறு செய்யாமல் இருப்பதுதான் என்பது என் துணிவு.

இப்படிச் சொல்வது சோம்பேறித்தனத்துக்குத் தத்துவம் கற்பிப்பதாகத் தோன்றலாம். ஆனால் சரீர சாஸ்திரம் இதற்குச் சாட்சி சொல்கிறது. நம் மேல்தோலின் வெளிப்புறத்தில் இருக்கும் படலம் ஒரு தாளின் கனத்துக்கும் குறைவானது. உயிரிழந்த உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்து, அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்புப் பொருள்கள் நிரப்பியிருக்கும் அதன் அமைப்பை, அமெரிக்கச் சரும மருத்துவர் பீட்டர் எலியாஸ், செங்கல்லும் சாந்துமாக எழுப்பிய சுவர் என்று வர்ணித்தார். உள்ளே உள்ள நீர் வெளியேறாமலும், வெளியே உள்ள கிருமியும் நஞ்சும் உள்ளே புகாமலும் காப்பது அந்தச் சுவரே. அடியிலிருந்து புதிய உயிரணுக்கள் புறப்பட்டு, மேலே வந்து, தம் காலம் முடிந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கிறது. ஆகவே, யாரும் சுரண்டாமலே, யாரும் தேய்க்காமலே, நம் சருமம் மாதந்தோறும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அதன் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையது. அதன் அமில-கார அளவு சுமார் 5. சாதாரணக் குளியல் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. ஒவ்வொரு முறை சோப்புப் போடும்போதும் அந்த அமிலத்தன்மை குலைந்து, இடையிலுள்ள கொழுப்பிலும் ஒரு பகுதி கரைந்து போகிறது. சில மணி நேரத்தில் சருமம் அதைத் தானே சீர்செய்துகொள்ளும். ஆனால், சீர்செய்து முடிப்பதற்குள் மறுபடி சோப்பு, அதன்மேல் சுரண்டும் தூள், அதன்மேல் அமிலத் திரவம் என்று இடைவிடாமல் தொந்தரவு செய்தால், வறட்சியும் எரிச்சலும் அரிப்பும் உண்டாகின்றன. அவற்றைப் போக்குவதாகச் சொல்லி இன்னொரு குப்பி விற்பனையாகிறது.

சோப்பு என்பதே நம் வீடுகளில் சுமார் நூறாண்டுப் பழக்கந்தான். எல்லைக்கு அப்பால், பெங்களூரில், மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் முன்னின்று அரசாங்கச் சோப்புத் தொழிற்சாலையை நிறுவியது 1916இல்; சந்தன எண்ணெய் கலந்த அந்தச் சோப்பு இன்றும் விற்கிறது. அதற்கு முன்பு, பயத்தம் மாவும் சீயக்காயும், உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்புத் தூளும் அழுக்கெடுக்கும் வேலையைச் செய்தன. நான் அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. தொற்றுநோயைத் தடுப்பதில் சோப்பு செய்த சேவைக்கு மனித குலம் கடமைப்பட்டிருக்கிறது. கையை அடிக்கடி சோப்பிட்டுக் கழுவ வேண்டியதுதான். ஆனால், அழுக்கும் வியர்வையும் தங்கும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு அவசியமான சோப்பை, பனிக்காலத்தில் வறண்டுபோன கைகால்களிலும் முதுகிலும் முகத்திலும் தினம் இருமுறை தேய்க்க வேண்டும் என்று எந்த வைத்திய சாஸ்திரமும் விதிக்கவில்லை. சோப்பு வாங்கும்போது, நடிகையின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதில், உறையின் ஓரத்தில் பொடியெழுத்தில் அச்சிட்டிருக்கும் டி.எஃப்.எம். அளவைப் பார்ப்பது நலம். அதில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விகிதம் அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரச் சோப்புக்கு அது 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

இனி, வேண்டியது இவ்வளவுதான் என்று வரையறுத்துச் சொல்கிறேன். முதலாவது, மென்மையான சுத்தம்: முகத்துக்கு நாளுக்கு இருமுறை சாதாரணத் தண்ணீர், தேவையானால் நுரை குறைந்த மென்மையான சோப்பு, உடலுக்கு மிதமான வெந்நீர். தளியின் குளிரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது அப்போதைக்குச் சுகமாக இருக்குமேயன்றி, சருமத்தின் கொழுப்பை அதுவும் கரைத்துவிடும். இரண்டாவது, குளித்துத் துவட்டிய சில நிமிஷங்களுக்குள், ஈரம் முழுவதும் ஆறுமுன், கொஞ்சம் நெய்ப்பு. ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாஸ்லின், நீர் ஆவியாவதைத் தடுப்பதில் இன்றுவரை தன்னை மிஞ்சிய வஸ்து அரிது என்னும்படி நிற்கிறது. அதன் விலையோ எல்லோருக்கும் எட்டக்கூடியது. தேங்காயெண்ணெயும் வறண்ட சருமத்துக்கு நல்லதே. ஆனால் முகப்பரு வரும் சுபாவமுள்ளவர்கள் அதை முகத்தில் பூசாதிருப்பது உத்தமம். மூன்றாவது, நிழல். பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரையிலான வெயிலில் குடையோ தொப்பியோ முந்தானையோ தலையை மூடினால் போதும்; மேட்டுநிலத்துக் குளிரில் சூடு உறைக்காவிட்டாலும் சூரியனின் புற ஊதாக் கதிர் குறைவதில்லை என்பதை மறக்கக் கூடாது. கன்னத்தில் மங்கு படர்ந்தவர்களும், நாள் முழுவதும் வெளியில் நின்று வேலை செய்பவர்களும் வெயில் காப்புப் பூச்சைப் பயன்படுத்துவது நியாயமே. இந்த மூன்றுக்கு மேலே உள்ளவை மருந்தாக இருக்க வேண்டும், இல்லையேல் ஆடம்பரம். மருந்தென்றால் மருத்துவர் சொல்ல வேண்டும். ஆடம்பரமென்றால் அது ஆடம்பரம் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

இந்த எல்லைக்கோடு அழிந்துபோனதால் நேர்ந்த விபரீதத்தை நம் நாட்டுச் சரும மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருகிறார்கள். 1975ஆம் ஆண்டில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற மருத்துவர், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து, கரும்படைகளை வெளுக்கச் செய்யும் மருந்துக் கூட்டு ஒன்றை வெளியிட்டார். இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சு சந்தைக்கு வந்தது. முன்னது, நோயாளிக்கு மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் கொடுக்க வேண்டிய மருந்து. பின்னது, யாரும் வாங்கக்கூடிய பண்டம். ஆனால் பின்னதன் விளம்பரம் வளர்த்துவிட்ட ஆசை, முன்னதைப் போன்ற முக்கூட்டு மருந்துகளை மருந்துக்கடைக் கல்லாப்பெட்டிக்கு அருகிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டது. நாடெங்கும் 12 மையங்களில், முகச் சரும நோய்களுடன் வந்த 2,926 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் ஸ்டீராய்டு பூச்சுகளை முகத்தில் உபயோகித்திருந்தது தெரியவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். தொடக்கத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிந்து, பருக்கள் பெருகி, உரோமம் முளைத்து, நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவும்படி ஆகிவிடும். இந்நிலைக்கு மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்ற பொருளில் ஒரு தனிப் பெயரே இட வேண்டியதாயிற்று.

முகத்தோடு இது நிற்கவில்லை. தொழிற்சாலைச் சீருடைக்குள் வியர்த்துக் கசகசக்கும் இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை வந்தால், கூச்சம் காரணமாக மருத்துவரிடம் போகாமல், கடைக்காரர் எடுத்துத் தரும் டியூபைத் தடவுவது வழக்கமாகிவிட்டது. பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டையும் கலந்த அந்தப் பூச்சு அரிப்பை உடனே அடக்கும். பூஞ்சையையோ மறைவாக வளர்க்கும். ஒருகாலத்தில் சில வாரங்களில் தீர்ந்த படர்தாமரை இன்று மாதக்கணக்கில் அடங்காமல், வீட்டிலுள்ள எல்லோருக்கும் தொற்றி, தேசம் முழுவதும் பரவியிருப்பதற்கு இக்கலவைப் பூச்சுகளும் ஒரு காரணம் என்பது சரும மருத்துவர்களின் முறையீடு. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு பூச்சுகளை விற்கக் கூடாதென்று விதித்தது. விதி இருக்கிறது, ஆனால் கடையில் பெயரைச் சொல்லிக் காசை நீட்டினால் டியூப் கைக்கு வருவதும் இருக்கிறது.

பாதரசத்தின் கதை இன்னும் விபரீதமானது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல் நகர மருத்துவமனை ஒன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு நோய் 22 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் பூச்சுகளை உபயோகித்தவர்கள். அப்பூச்சுகளைப் பரிசோதித்தபோது அளவுக்கு மீறிய பாதரசம் இருந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியது என்றால், சருமம் ஒரு சுவரேயாயினும் துவாரமற்ற சுவரன்று என்பது விளங்கும். பாதரசம் கலந்த அழகுப் பொருள்களை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. ஆனால் தயாரித்தவரின் விலாசம் இல்லாத டப்பாக்களுக்கு உடன்படிக்கை எதுவும் தெரியாது.

இவ்வளவு அபாயத்தையும் மக்கள் விலை கொடுத்து வாங்குவதற்கு அடியில் இருப்பது அறியாமை மாத்திரமன்று, அவமானம். கருப்பு நிறம் ஒரு குறை என்று கல்யாணத் தரகரும் சினிமாவும் பெண் பார்க்க வந்த உறவினரும் சொல்லிச் சொல்லி, வெயிலில் நின்று நம் சோற்றுக்கு உழைக்கிறவர்களின் நிறத்தையே நாம் பழித்து வருகிறோம். சென்னையில் 2009இல் கவிதா இம்மானுவேல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கமும், பிற்பாடு அதற்குத் துணைநின்ற நடிகை நந்திதா தாசும் இந்த அவமானத்தை எதிர்த்துப் பேசினார்கள். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. நிறத்துக்குப் பதில் பொலிவு என்று விளம்பரங்கள் பேசத் தொடங்கிய பிறகும், பொலிவின் அடையாளமாக அவை காட்டுகிற முகம் பெரும்பாலும் வெளுத்தே இருக்கிறது. சருமத்தில் மிதத்தைக் கடைப்பிடிப்பதற்கு முதல் நிபந்தனை, பிறந்த நிறத்தோடு சமாதானமாக இருப்பது. அந்தச் சமாதானம் இல்லாத வீட்டில் மூன்று வஸ்து போதும் என்ற உபதேசம் செவியில் ஏறாது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ரசாயனத்தை விட்டு இயற்கைக்குத் திரும்பினால் போதாதா என்று கேட்பார்கள். இயற்கை என்ற காரணத்தாலேயே ஒரு வஸ்து சாதுவாகிவிடுவதில்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் சருமம் வெந்து கருக்கும். ஓசூர், பெங்களூர் வட்டாரத்துத் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம், ஊரார் காங்கிரஸ் செடி என்று அழைக்கும் களை, முற்றிலும் இயற்கையானது. 1950களில் புனேயில் முதலில் காணப்பட்டு நாடெங்கும் பரவிய அந்தச் செடியின் துகள் காற்றில் கலந்து, ஒவ்வாமை உள்ள குடியானவர்களின் முகத்தையும் கழுத்தையும் தடித்து வெடிக்கச் செய்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தியைப் பறிக்கிற கைகளுக்கும் சிலசமயம் அக்கதி நேர்வதுண்டு. மூலிகையாயினும் ரசாயனமாயினும், எண்ணிக்கை குறைவாக இருப்பதில்தான் க்ஷேமம் இருக்கிறது. ஏனெனில், இரண்டு வஸ்துக்களை மாத்திரம் உபயோகிப்பவருக்குத் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், பன்னிரண்டை உபயோகிப்பவருக்கோ கைதேர்ந்த மருத்துவரும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசனைத் திரவியமும் பதனப் பொருளும் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்கள். பூச்சுகள் கூடக் கூட அவையும் கூடுகின்றன.

முகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது நியாயமன்று. இந்தப் பிரதேசத்தில் அதிகமாக அவதிப்படுவது கை. லேத்துப் பட்டறைகளில் கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தில் நனைந்தபடியே எட்டு மணி நேரம் இருக்கும் கைகள், வேலை முடிந்ததும் பனியன் வேஸ்ட்டால் துடைக்கப்பட்டு, கிரீஸ் போக வேண்டுமென்று மண்ணெண்ணெயாலும் தின்னராலும் சலவைத் தூளாலும் தேய்க்கப்படுகின்றன. கூலண்ட் செய்த கெடுதலை இந்தச் சுத்தம் இரட்டிப்பாக்குகிறது. ரோஜாத் தோட்டங்களிலோ, முள் கீறிய விரல்களில் பூச்சிமருந்து படுகிறது. பட்டறையில் ஒரு பாட்டில் மென்மையான கைகழுவும் திரவமும், ஒரு டப்பா வாஸ்லினும், வேலைக்கு ஏற்ற கையுறையும் வைப்பதற்கு ஆகும் செலவு முதலாளிக்கு அற்பம். விரல் வெடித்து வேலைக்கு வர முடியாமல் போகும் தொழிலாளிக்கு அதனால் விளையும் நன்மை பெரிது. சருமப் பராமரிப்பு என்ற பேச்சு கண்ணாடி முன் நிற்கிறவர்களோடு நின்றுவிடாமல் மெஷின் முன் நிற்கிறவர்களுக்கும் எட்டினால்தான் அது நாகரிகமான பேச்சாகும்.

மிதம் என்பது அலட்சியம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல், ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறுகிற மச்சம், இரவில் குடும்பத்தில் எல்லோரையும் தூங்கவிடாத அரிப்பு ஆகியவற்றை எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா விடலாகாது. முதலில் சொன்ன தேமல் குஷ்டத்தின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இலவசமாகவே கொடுக்கின்றன, காலத்தில் உட்கொண்டால் ஊனமின்றி முற்றிலும் குணமாகிவிடும். வடுவிடும் பருவுக்கும் நல்ல மருந்துகள் உண்டு. பத்துக் குப்பிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒருமுறை சரும மருத்துவரைப் பார்ப்பது லாபமான காரியம்.

சிக்கனத்தையும் விற்பனைச் சரக்காக்கிவிடும் சாமர்த்தியம் வியாபாரத்துக்கு உண்டு. ‘எளிய பராமரிப்பு’ என்று பெயரிட்டு, வெள்ளை உறையிலிட்டு, நாலு மடங்கு விலையில் அதே களிம்பு வந்து நிற்கும். வாங்குகிறவர் தான் ஆடம்பரத்தைத் துறந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். ஆகவே, எதை வாங்குவது என்பதைவிட எதை நிறுத்துவது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே சரியான முறை: ஒரு மாதம், அதாவது சருமம் ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் காலம் வரை, அனாவசியமானவற்றை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், எது வேண்டும் எது வேண்டாம் என்று அவரவர் சருமமே சொல்லிவிடும். ஸ்டீராய்டை நெடுநாள் தடவியவர்கள் மாத்திரம் இதைத் தாமாகச் செய்யாமல் மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

தனிமனிதர் செய்யக்கூடியது அவ்வளவு. மற்றவை பொறுப்பிலிருப்பவர்களின் கடமை: மருந்துச் சீட்டின்றி ஸ்டீராய்டு விற்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஓசூரிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் கடை கடையாகச் சென்று தடுக்க வேண்டும், விலாசமில்லாத வெளுப்புப் பூச்சுகளைப் பறிமுதல் செய்து பாதரசப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், தொழிற்சாலை ஆய்வாளர்கள் இயந்திரத்தின் பாதுகாப்பைப் பார்க்கும்போதே தொழிலாளியின் கைகளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இருக்கிற சட்டத்தை மனப்பூர்வமாக நிறைவேற்றினால் போதும்.